புகைந்த டிரம்மில் என் பங்கு

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு நான் செய்து வைத்த சுழல் படிக்கட்டில் யானை ஏறினாலும் ‘கிணுங்’ என்று ஒரு சத்தம் வராது. ஹெப்பகோடியில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு இருபது அடி அகலத்தில் தள்ளு கேட் போட்டிருக்கிறேன். காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், கீச்சென்று கத்தாது. மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக் கைப்பிடி, ஒரு தேவாலயத்து மணிக்கூண்டின் ஏணி, எண்ணிக்கை மறந்துபோன ஜன்னல் கிரில்கள், கடைசியாக எனக்கே எனக்கு என்று இரண்டு மாடி வீடு, அதன் கீழே வெல்டிங் பட்டறை, எல்லாம் இந்தக் கைகள் செய்தவை. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்ஜினியர்கள் கொடுக்கும் வரைபடத்தில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்கு இன்றைக்கும் படிக்க வராது. ஆனால் கோடு பேசும், எண் பேசும், அது போதும். ஒருமுறை வரைபடத்தில் இருந்த தப்பை இன்ஜினியருக்கே காட்டிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்க எந்த காலேஜ்?” என்று கேட்டார்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது நான் முதன்முதலில் செய்த பொருள். ஓர் அரிசி டப்பா, அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு, சிமெண்ட் மூட்டைக் காகிதம், ஊதுபத்தி மாவு, கொஞ்சம் சணல் கயிறு, இவற்றை வைத்துக்கொண்டு பதினொரு வயதில் ஒரு டிரம் செய்தேன். அந்த டிரம்மை அடித்தவன் பெயர் இன்றைக்கு பெங்களூர்த் தமிழ் மேடைகளில் எல்லோருக்கும் தெரியும்: டிரம்ஸ் ஜெயசீலன். மேடை ஏறி ஐம்பது வருடம் ஆனதற்காக அவனுக்கு விழா எடுக்கிறார்கள், விழா மலர் அச்சடிக்கிறார்கள். மலரில் அந்த டிரம் வருகிறது. செய்தவன் பெயர் வரவில்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் தட்டச்சு செய்த என் மருமகளைத் திட்டுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

பிரேசர் டவுனுக்குப் பின்பக்கம், ரயில் பாதையை ஒட்டி, ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த ‘லைன் வீடு’ எங்களுடையது. அப்பா மர டிப்போவில் சுமை தூக்கினார். அம்மாவும் அமுலு அக்காவும் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினார்கள். லைனில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. ஊதுபத்தி என்றதும் உங்களுக்கு மல்லிகை, சந்தனம் என்று மணம் நினைவுக்கு வரும். எங்கள் லைனில் மணம் கிடையாது. மணம் ஏற்றுவது கம்பெனியின் வேலை. எங்களிடம் வருவது கரித்தூளும், ‘ஜிகட்’ என்று சொல்லும் பிசினான மரப்பட்டைத் தூளும், மூங்கில் குச்சிக் கட்டும்தான். இரண்டு தூளையும் தண்ணீர் விட்டு சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, பலகையில் வைத்துக் குச்சியின்மேல் உள்ளங்கையால் ஓர் உருட்டு உருட்டினால் கறுப்புப் பத்தி. அம்மா உருட்டுவது ஒரே சீராக இருக்கும். அக்கா உருட்டுவது அதைவிடச் சீராக இருக்கும், ஆனால் அவள் வாயும் அதே வேகத்தில் ஓடும். எங்கள் வீட்டுச் சுவரும், தலையணையும், சில நாள் சோறும்கூட லேசாகக் கறுத்துத்தான் இருந்தன. மழை பெய்து மண்ணெண்ணெய் விளக்கின் கரியோடு இந்த ஈரக் கரியும் சேர்ந்து வீசும் அந்த வாடை இப்போது எழுதும்போதும் மூக்கில் ஏறுகிறது.

நான் படித்தது அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். ஜெயசீலனும் அங்கேதான், என் பெஞ்சில், என் வலப்பக்கம். அவன் அப்பா தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். இவனோ எது கிடைத்தாலும் தட்டுவான். பெஞ்சைத் தட்டுவான், சாப்பாட்டு டப்பாவைத் தட்டுவான், குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் என் முதுகைத் தட்டுவான். வாத்தியார் திரும்பினால் கை நிற்கும், கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

சுதந்திர தினத்தன்று மைதானத்தில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ‘மார்ச் பாஸ்ட்’ நடத்துவார்கள். மேடையில் பெரிய மனிதர்கள் நிற்க, பிள்ளைகள் வரிசையாக நடந்து போய், மேடைக்கு நேரே தலையைத் திருப்பி சல்யூட் வைக்க வேண்டும். மற்ற பள்ளிகளுக்கு டிரம் உண்டு, சிலருக்கு பியூகிள் ஊதுகுழல்கூட உண்டு. எங்களுக்கு நஞ்சப்பா சாருடைய விசில் மட்டும். அவர்தான் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். தாய்மொழி கன்னடம், எங்களிடம் பேசிப் பேசித் தமிழும் கன்னடமும் கலந்த ஒன்று அவர் வாயில் குடியேறியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் விசிலை நம்பி நடந்தோம். மேடைக்கு நேரே யாரோ வேறு விசில் ஊத, எங்கள் முன்வரிசை நின்றது, பின்வரிசை நிற்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தலைமை ஆசிரியர் மறக்கவில்லை. “டிரம் இருந்தா நம்ம பசங்க நடக்கட்டும். இல்லேன்னா உக்காந்து கைதட்டட்டும்” என்று சொல்லிவிட்டார். டிரம் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

இதைக் கேட்ட அன்று மத்தியானம் ஜெயசீலன் சாப்பிடவில்லை. இரண்டு மாதமாக அறுபது பேரும் வெயிலில் கால் தேயப் பயிற்சி எடுத்திருந்தார்கள். அவன்தான் முதல் வரிசை, முதல் ஆள். நான் அந்த அறுபதில் இல்லை. ‘லெஃப்ட்’ என்றால் எனக்கு வலது கால்தான் எழும்பும். நஞ்சப்பா சார் அடையாளத்துக்கு என் காலில் ஒரு கயிறு கட்டிவிட்டுப் பார்த்தார். கயிறு கட்டிய கால் லெஃப்டா, கட்டாத கால் லெஃப்டா என்று எனக்கு அதிலும் குழப்பம். “ஏழுமலை, நீ பேடா” என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். கன்னடத்தில் ‘பேடா’ என்றால் வேண்டாம். பரீட்சையில் தோற்றபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

“அழுவாதடா, டிரம் நான் செஞ்சித் தரேன்” என்றேன் ஜெயசீலனிடம்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சிரித்தான். “மச்சா, லெஃப்ட் ரைட்டே தெரியாதவன் டிரம் செய்யப் போறானாம்டா!”

“செய்யறதுக்கு கை போதும்டா, கால் எதுக்கு?” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், ஆனால் சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? சுதந்திர தினத்துக்கு எட்டு நாள் இருந்தது.

முதலில் உடம்பு வேண்டும். வட்டமாக, பெரிதாக, தகரத்தில். வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அம்மாவின் அரிசி டப்பா. அரிசியை ஒரு தலையணை உறைக்குள் கொட்டினேன். டப்பாவின் அடித்தகட்டை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, கல்லால் தட்டிப் பெயர்த்தெடுத்தேன். இப்போது நினைத்தால் என் வெட்டு எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருக்கிறது. பிளேடு இல்லை, ரம்பம் இல்லை. டப்பாவின் ஒரு வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துணியை இழுத்து ஒட்டி, அதன்மேல் சிமெண்ட் மூட்டைக் காகிதம் இரண்டு அடுக்கு. ஒட்டுவதற்கு மைதா பசை காய்ச்சவில்லை. ஜிகட் தூளைத் தண்ணீரில் குழைத்தேன், அது எலும்பைக்கூட ஒட்டும். சுற்றிலும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு பகல் வெயிலில் வைத்தேன். அடிக்க, உடைந்த முக்காலியின் கால் இரண்டு.

மூன்றாம் நாள் அடித்துப் பார்த்தேன். ‘டப் டப்’ என்று முறத்தைத் தட்டுவதுபோல இருந்தது. ஜெயசீலன் வந்து கேட்டுவிட்டு, என் மனம் நோகக் கூடாதே என்று, “நல்லாத்தான்டா கீது” என்றான். அவன் முகத்தில் ஒன்றும் நல்லாயில்லை. அறுபது பேர் காலடிக்கு நடுவில் அந்தச் சத்தம் பத்தடிகூடப் போகாது.

இதற்கு முன்பே, டப்பாவைத் தூக்கிய அன்றே, அம்மா சோறு பொங்க உட்கார்ந்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. “டேய் பாவி, அரிசிய தலகாணி ஒறையில கொட்டிட்டு டப்பாவத் தூக்கினு போயிட்டியா?” அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சோற்றில் இலவம்பஞ்சு வந்தது. அப்பா ஒரு பஞ்சுத் துணுக்கை வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மெத்துனுதான் கீது” என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். அடி விழும் என்று காத்திருந்த எனக்கு அது ஆசீர்வாதம்போலத் தோன்றியது.

அந்த மூன்றாம் நாள் பிற்பகல் அக்கா பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டிரம்மின் எந்த இடத்தில் அடித்தால் சத்தம் கொஞ்சமாவது கனக்கிறது என்று ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டுக்கு நூறு என்று எண்ணி வைக்க வேண்டும் அவளுக்கு. எழுபதை எண்ணும்போது ஒரு டப், எழுபத்தொன்றில் ஒரு டப். மூன்று முறை எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“டேய், எழுந்து போறியா இல்லியா?”

“ஒரே ஒரு தட்டு அக்கா.”

டப்.

“சனியனே!” என்று கையில் இருந்த மாவுருண்டையை என்மேல் எறிந்தாள். நான் விலகினேன். மாவு டிரம்மின் நடுவில் ‘சப்’பென்று அப்பிக்கொண்டது. அவளுக்கு வெறுப்பேற்ற வேண்டும் என்பதற்காகவே அதன்மேல் ஒரு போடு போட்டேன்.

டும்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். லைனில் மூன்றாவது வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, “யாருடி கதவத் தட்றது?” என்றாள்.

அதன் பிறகு நடந்ததை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகப் பரப்பினேன். காய்ந்ததும் வெடித்துப் பெயர்ந்தது. கனமாகப் போட்டேன், சத்தம் செத்தது. அக்கா எண்ணிக்கையை மறந்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள். “கரி கம்மி பண்ணு, ஜிகட் ஜாஸ்தி போடு. ஒரேடியா அப்பாத, தோசை வார்க்கிற மாதிரி தடவித் தடவிக் காய வை” என்றாள். அவளே பிசைந்து கொடுத்தாள். நான்கு நாளில் ஆறு பூச்சு. நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு கறுப்பு வட்டம் உட்கார்ந்தது. அதற்குப் பல வருடம் கழித்து, ஒரு மண்டபத்தில் கைப்பிடி வேலை செய்தபோது மிருதங்கத்தை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். நடுவில் அதே கறுப்பு வட்டம். அதை வைத்திருந்தவர், பரம்பரை பரம்பரையாக வந்த வித்தை என்றார். நான் அதை நான்கு நாளில் கண்டுபிடித்தவன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, அது அவர் பாடு.

ஜெயசீலன் வந்தான். கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டான், ஓர் அடி அடித்தான், உடனே கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அடித்துக்கொண்டே நடந்தான். பத்தி உருட்டும் பெண்கள் எல்லாரும் அவன் அடிக்கு உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் பள்ளியில் நஞ்சப்பா சார் டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, “ஏனோ இது, என்னடா இது, டிரம்மா, பூஜை சாமானா?” என்றார். ஆனால் தலைமை ஆசிரியரிடம் அவர்தான் போய்ப் பேசினார். அறுபது பேருக்கும் நடக்க அனுமதி கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. டிரம் செய்தவனை வரிசையில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஜெயசீலனுக்கும்தான்.

சுதந்திர தினத்தன்று காலை, பெங்களூரின் ஆகஸ்ட் மாதத்துக்கே உரிய சாரல். பெய்கிறதா இல்லையா என்று தெரியாமல் சட்டையை நனைத்துவிடும். மைதானத்துக்குப் போகும் வழியில் ஜெயசீலன் ஓர் அடி அடித்தான். ‘பொத்’ என்றது. காகிதம் ஈரம் குடித்துத் தொய்ந்திருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் டிரம்மைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். சூடு காட்டினால் இறுகும் என்று எனக்குத் தெரியும். மைதானத்து மூலையில் அன்வர் பாய் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். விழாவுக்கு வந்தவர்களின் சட்டைகளைக் கடைசி நேரத்தில் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரி போட்ட பெரிய பித்தளைப் பெட்டி.

“பாய், இதுக்குக் கொஞ்சம் இஸ்திரி போடணும்.”

பாய் டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அரே, டிரம்முக்கு இஸ்திரியா? மடிப்பு வெக்கணுமா, வேணாமா?”

“மேல வெக்காதீங்க பாய். ஒரு வெரல் அளவு மேல பிடிச்சி சுத்துனாப் போதும்.”

சிரித்துக்கொண்டே சுற்றினார். வேட்டித் துணி கிறுக் கிறுக்கென்று இறுகும் சத்தம் எனக்குக் கேட்டது. பெட்டியை எடுக்கும்போது ஒரு நெருப்புப் பொறி கறுப்பு வட்டத்தின்மேல் விழுந்தது. பாய் ஊதித் தள்ளினார். போய்விட்டது என்று மூவரும் நினைத்தோம்.

ஊதுபத்தி உருட்டும் வீட்டில் பிறந்த எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். பத்தி மாவு எரியாது, சுடர் விடாது. உள்ளே உள்ளே கனிந்துகொண்டு போகும். அதற்காகத்தானே அந்த மாவு!

எங்கள் பள்ளி உள்ளே நுழைந்தது. டும், டும், டும் டக டும். சத்தம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அறுபது காலும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. கயிற்றுக்கு வெளியே சின்னப் பிள்ளைகளோடு நின்றிருந்த எனக்கு மார்பு விம்மியது. பாதி தூரம் போயிருப்பார்கள். டிரம்மின் நடுவிலிருந்து ஒரு புகைக் கோடு எழுந்ததைப் பார்த்தேன். சாமி படத்தின் முன்னால் ஏற்றி வைத்ததுபோல நேராக, நிதானமாக.

என்ன நடக்கும் என்று அந்த மைதானத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கனிந்துகொண்டே போய்க் காகிதத்தைத் தொட்டால் ஓட்டை விழும். அடுத்த அடிக்கு டிரம் கிழியும். மேடைக்கு நேரே சத்தம் நிற்கும். மறுபடியும் ஒருவர்மேல் ஒருவர்.

கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினேன். வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையோடு, பித்தான் போன இடத்தில் அக்காவின் ஊக்கு குத்திய சட்டையோடு. நஞ்சப்பா சார், “ஏய் ஏழுமலை! ஹோகோ ஆச்சே!” என்று வெளியே போகச் சொல்லிக் கத்தினார். நான் ஜெயசீலனின் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடந்தேன்.

“டேய், இன்னாடா பண்ற?” என்றான், தலையைத் திருப்பாமல்.

“புகையுதுடா. நீ அடி, நிறுத்தாத.”

“வவுத்துல சுடுது!”

“இடது கால் விழும்போது அடி. வலது கால் விழும்போது கைய வெச்சிக்கினு சும்மா இரு. அந்த கேப்புல நான் வெரல வுடறேன்.”

எரிகிற பத்தியை அணைக்க எங்கள் வீட்டில் ஊதமாட்டோம், தண்ணீரில் முக்கமாட்டோம். விரல் நுனியை நாக்கில் தொட்டு, நெருப்பை இரண்டு விரலால் கிள்ளி எடுப்போம். அதைத்தான் செய்தேன். டும், கிள்ளு. டும், கிள்ளு. ஓர் இடத்தில் அணைத்தால் பக்கத்தில் சிவந்தது. ஒவ்வொரு வலது காலுக்கும் ஒரு கிள்ளு. நஞ்சப்பா சார் கயிறு கட்டிச் சொல்லிக் கொடுத்தும் புரியாத லெஃப்ட் ரைட் எனக்கு அந்த முப்பது அடி தூரத்தில் புரிந்தது. தப்பினால் முக்காலிக் கால் விரலில் விழும் அல்லவா? இரண்டு முறை விழுந்தது. ஒருமுறை கத்திவிட்டேன். அது ‘ஜெய்’ என்று கேட்டதாம், பின்வரிசை முழுக்க ‘ஹிந்த்’ என்றது.

மேடைக்கு நேரே வந்தோம். சாரல் காற்று புகையை மேடைப் பக்கம் தள்ளியது. தலைமை விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் சல்யூட்டுக்காகக் கையை உயர்த்தியவர், மூக்கில் புகை ஏறியதும் என்ன நினைத்தாரோ, கையை இறக்கி இரண்டு கையையும் கூப்பினார். அவர் கூப்பியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் கூப்பினார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். அறுபத்தொரு பேரும் அவர்களைத் தாண்டி, வரிசை கலையாமல், ஒருவர்மேல் ஒருவர் விழாமல், மைதானத்தின் அந்தப் பக்கம் போய் நின்றோம். நின்ற பிறகுதான் காகிதம் நடுவில் ‘பிசுக்’ என்று உள்வாங்கியது.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் விருந்தாளி தலைமை ஆசிரியரிடம், பிள்ளைகள் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தது மிகவும் புதுமை என்று சொன்னாராம். “ஆமாங்க ஐயா, அது நம்ம பள்ளியோட வழக்கம்” என்றாராம் தலைமை ஆசிரியர். நஞ்சப்பா சார் என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே மரத்தடிக்கு இழுத்துப் போனார். அங்கே என் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்பளித்திருந்தன. நகம் ஒன்று கறுக்கத் தொடங்கியிருந்தது. காதை விட்டார். தன் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினார். “அடுத்த வருஷம் நீ முதல் லைன்” என்றார். அடுத்த வருடம் நான் பள்ளியில் இல்லை. அரைப் பரீட்சைக்குப் பின் அப்பா முதுகில் அடிபட்டுப் படுத்ததால், ஒரு கிரில் கடையில் சேர்ந்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தகரம், சூடு, சத்தம், மூன்றும் எனக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தன.

டிரம்முக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. அம்மா டப்பாவின் அடியில் ஒரு தகட்டைப் பற்றவைக்கச் சொல்லி, கரித்தூள் போட்டு வைத்துக்கொண்டாள். அந்த லைன் வீடு இன்றைக்கு இல்லை. அங்கே நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, கிரில் என்னுடையது அல்ல, வெல்டிங்கும் சுமார்தான். மைதானத்தில் பாதி வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. அன்வர் பாயின் மூலையில் மொபைல் கடை. பத்தியை இப்போது இயந்திரம் உருட்டுகிறது, நிமிடத்துக்கு இத்தனை என்று துப்புகிறது. அது போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அமுலு அக்காவின் உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்து, கல்யாணத்தன்று மருதாணிகூடப் பிடிக்கவில்லை. போகட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதானே?

ஜெயசீலன் அந்தக் கதையை மேடையில் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஒரு வரவேற்பில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, “சின்ன வயசுல நான் அடிச்ச வேகத்துல டிரம்மே புகைஞ்சிடுச்சிங்க!” என்றான். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், நண்பன் அல்லவா? அப்புறம் மலர்க் குழுவில் இருக்கும் அவன் மருமகன், “அங்கிள், மாமாவோட சின்ன வயசு பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்று வந்தபோது, அச்சுக்குப் போகப்போகும் பக்கங்களைக் காட்டினார். முதல் கட்டுரையின் தலைப்பு: ‘புகை கிளப்பிய கைகள்.’ என் மருமகள் முழுவதையும் படித்துக் காட்டினாள். வேகம் இருக்கிறது, புகை இருக்கிறது, விருந்தாளி கையெடுத்துக் கும்பிட்டது இருக்கிறது. அரிசி டப்பா இல்லை. நான் இல்லை.

அன்றே ஜெயசீலனைப் போனில் கூப்பிட்டேன்.

“டேய் ஏழு, அது ஸ்டேஜுக்குச் சொல்ற கதடா” என்றான். “இஸ்திரி, கரிமாவுன்னு சொன்னா எவன்டா கைதட்டுவான்?”

“கைதட்ட வேணாம். பேரு போடு.”

“ஐம்பது வருஷமா ஒரு வார்த்த கேக்கல, இப்ப இன்னாடா?”

“ஐம்பது வருஷமா நீ வாயால சொன்ன. காத்துல போச்சு. இப்ப அச்சுல போடற. என் பேரன் படிப்பான்டா.”

மறுமுனையில் விரலால் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இந்த வயதிலும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பிறகு சிரித்தான். “நெஜமா சொல்லட்டா? அன்னிக்கு நீ வந்திருக்கலன்னா நான் டிரம்மக் கழட்டிப் போட்டுட்டு ஓடியிருப்பேன். அப்புறம் குச்சியத் தொட்டே இருக்க மாட்டேன். எழுதிக் குடு. நீ எழுதற மாதிரியே போடச் சொல்றேன்.”

அவன் மனம் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் நண்பன்.

எழுதி முடித்ததும் எதற்கும் சரிபார்க்கலாம் என்று ஓசூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டியும் அவள் வாய் வேகம் குறையவில்லை.

“எல்லாம் கரீட்டுதான். ஆனா நீ இன்னாடா கண்டுபிடிச்ச? மாவ எறிஞ்சது நானு.”

“என்னைத் திட்டித்தானே அக்கா எறிஞ்ச?”

“திட்டித்தான் எறிஞ்சேன். பொறவு பிசைஞ்சிக் குடுத்தது யாரு? கரி கம்மி, ஜிகட் ஜாஸ்தின்னு சொன்னது யாரு? உன் வாத்தியாரா? நீ வேணும்னா ஒரு பேரு போட்டுக்க, நான் ஒண்ணும் கேக்கல.”

கேட்கவில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே கேட்டுவிட்டாள். நியாயம்தான். எனக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமா?

ஆகவே மலர்க் குழுவினரே, தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. ‘புகை கிளப்பிய கைகள்’ என்றே இருக்கட்டும், ஜெயசீலன் அடித்த அடிக்கு அந்தப் பெயர் தகும். ஆனால் அதன் கீழே, கட்டுரை ஆரம்பிக்கும் முன்பே, இப்படிப் போட வேண்டும்: அடித்தவர் ஜெயசீலன். மாவு பிசைந்தவர் அமுலு. டிரம் செய்தவரும் புகையை விரலால் கிள்ளி அணைத்தவரும் வெல்டிங் ஏழுமலை. மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். எனக்கு அளவு எடுக்கத் தெரியும்.